உங்களுக்குத் தெரியுமா? பூனை வயிற்றுக்குள் இரண்டு காராமணி

வீட்டுப் பூனைக்குப் பத்து வயது தாண்டிவிட்டால், அதற்கு என்ன வந்தாலும் 'வயசாயிடுச்சு' என்று ஒரே காரணம் சொல்லிவிடுகிறோம். பரண் மேல் ஏறாமல் தரையிலேயே படுத்துக் கிடந்தாலும் அதுதான். தலையைத் தொங்கப் போட்டு நடந்தாலும் அதுதான். சுவரில் முட்டிக்கொண்டாலும் அதுதான். இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரு சின்னஞ்சிறு சுரப்பியில் வளரும் கட்டி இருக்கக்கூடும். கண்டுபிடித்துவிட்டால் பல பூனைகளைத் தேற்றிவிடலாம். இந்த முறை துணுக்குகள் எல்லாம் அந்தச் சுரப்பியைச் சுற்றித்தான்.

● பூனையின் சிறுநீரகங்களுக்குச் சற்று முன்னால், தலைப் பக்கமாக, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அட்ரீனல் சுரப்பிகள் உண்டு. அண்ணீரகச் சுரப்பி என்பது தமிழ்ப் பெயர். நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். ஒரு காராமணிப் பயறை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். மனிதனுக்கு இது சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். நாலு காலில் நடக்கும் பூனைக்கு முன்பக்கத்தில் கிடக்கிறது.

● இப்படி ஒரு சுரப்பி இருப்பதை இத்தாலிய உடற்கூறு அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டாச்சி 16-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். அது எதற்கு இருக்கிறது என்று தெரியாமலே சுமார் முந்நூறு ஆண்டுகள் ஓடின. 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், இந்தச் சுரப்பி கெட்டுப்போனவர்கள் மெலிந்து, தோல் கறுத்து, சோர்ந்து இறந்துபோவதை நூலாக வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் இது இல்லாமல் உயிர் இல்லை என்பது உலகத்துக்கு உறைத்தது.

● காராமணி அளவுதான் என்றாலும் உள்ளே அது ஒரே தொழிற்சாலை இல்லை. வெளிப்புறப் பட்டையில் மூன்று அடுக்குகள், நடுவில் ஒரு மையப் பகுதி. மேலடுக்கு அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் செய்கிறது. அது உப்புக்கணக்குப் பார்க்கும் கணக்குப்பிள்ளை. அடுத்த அடுக்கு கார்டிசோல் செய்கிறது. சர்க்கரை, நோய் எதிர்ப்பு, நெருக்கடி நேரத் தாக்குப்பிடிப்பு எல்லாம் அதன் பொறுப்பு. உள்ளடுக்கு கொஞ்சம் பாலின ஹார்மோன்கள் செய்கிறது. மையப் பகுதியில் ஊறுவது அட்ரினலின். ஆகவே 'அட்ரீனல் கட்டி' என்று சொன்னால் பாதிதான் சொன்னதாக அர்த்தம். எந்த அடுக்கில் கட்டி, அது எதைச் சுரக்கிறது, அல்லது எதையும் சுரக்காமல் சும்மா வளர்கிறதா என்பதைப் பொறுத்து நோயே வேறு வேறாகிவிடும்.

● நாய்க்கு அட்ரீனல் தொல்லை என்றால் பெரும்பாலும் கார்டிசோல் மிகுந்துபோன கதைதான். பூனைக்கு அப்படி இல்லை. அதன் அட்ரீனல் பட்டையில் அதிகம் காணப்படுவது அல்டோஸ்டிரோன் மிகுதி. நாய்க்குப் படித்ததை அப்படியே பூனைக்குப் பொருத்த முடியாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதற்கு இது நல்ல சான்று.

● அல்டோஸ்டிரோனின் வேலை எளிது. சிறுநீரகத்திடம் போய், 'சோடியத்தைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே விடு' என்று சொல்லும். ரத்த அழுத்தம் குறையும்போது சொன்னால் அது உயிர் காக்கும் கட்டளை. கட்டிக்கோ அழுத்தம் கூடியதா குறைந்ததா என்ற கவலையே இல்லை. இரவு பகலாக அதே கட்டளையைப் பிறப்பித்துக்கொண்டிருக்கும். சோடியமும் அதோடு நீரும் உடலில் தங்கி ரத்தக் கொதிப்பு ஏறும். பொட்டாசியம் சிறுநீரோடு போய்த் தீரும். பூனையிடம் நாம் காணும் அத்தனை கோளாறும் இந்த இரண்டிலிருந்து பிறப்பவைதான்.

● தலையைத் தூக்க முடியாமல், முகவாய் நெஞ்சைத் தொடுகிற மாதிரி கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும் பூனையைப் பார்த்திருக்கிறீர்களா? தரையில் எதையோ தேடுவது போலத் தோன்றும். கண்ணை மட்டும் உயர்த்தி நம்மைப் பார்க்கும். பொட்டாசியம் தீர்ந்துபோனதன் மிகத் தெளிவான அடையாளம் இது. நாய்க்குப் பிடரியில் தலையைத் தாங்கும் வலுவான இணைநார் ஒன்று கயிறு மாதிரி ஓடுகிறது. பூனைக்கு அது இல்லை. கழுத்துத் தசைகள் சோர்ந்தால் தலையைத் தாங்க வேறு ஆதாரம் கிடையாது, தொங்கிவிடும்.

● கழுத்துக்கு முன்பே கால்கள் சொல்லிவிடும். வழக்கமாக மேசைக்கு ஒரே தாவலில் ஏறும் பூனை முதலில் நாற்காலி, பிறகு மேசை என்று பிரித்து ஏற ஆரம்பிக்கும். நுனிக்காலில் நடக்கும் பின்னங்கால்கள் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்துவிடும். இவை ஒரே நாளில் வருவதில்லை. வாரக்கணக்கில், நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கூடவே இருப்பவர் கண்ணுக்குப் படாமல் ஆறு மாதம் கழித்து ஊரிலிருந்து வரும் உறவினர் கண்ணுக்குப் படுவது அதனால்தான்.

● உடலில் இருக்கும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது சொச்சம்தான். சோதனைச் சீட்டில் வரும் எண் அந்தச் சொச்சத்தின் அளவு. பூனை ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 3.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் மருத்துவர் புருவத்தை உயர்த்துவார். சீட்டில் 'சற்றே குறைவு' என்று வந்தாலும் தசைகளுக்குள் கையிருப்பு வெகுவாகக் கரைந்திருக்கலாம்.

● 'பொட்டாசியம் தானே, இளநீர் கொடுத்தால் போச்சு' என்று நினைக்க வேண்டாம். கட்டி ஒரு பக்கம் வாரி இறைத்துக்கொண்டிருக்கும்போது இளநீரும் வாழைப்பழமும் ஈடுகொடுக்காது. பூனை அவற்றைத் தொடுவதும் அரிது. பொட்டாசியம் குளூக்கோனேட் என்ற மருந்தை அளவு பார்த்து உணவில் கலந்து தருவார்கள். நிலைமை மோசமென்றால் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அந்த வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு: கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிமோலைத் தாண்டக் கூடாது. அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

● இந்த நோயின் மனித வடிவத்துக்கு 'கான் நோய்' என்று பெயர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற மருத்துவரிடம் 1954-இல் 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். தசைகள் அடிக்கடி செயலிழந்துபோகும், இழுப்பு வரும், ரத்தக் கொதிப்பு வேறு. அல்டோஸ்டிரோனை, பின்னாளில் தம்பதியரான சிம்ப்சன், டெய்ட் இருவரும் அவர்களுடைய சகாக்களும் பிரித்தெடுத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கான் மாதக்கணக்கில் அந்தப் பெண்ணின் சிறுநீரையும் வியர்வையையும் அளந்து பார்த்து, அட்ரீனல்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். இரண்டு சுரப்பிகளையும் எடுத்துவிடுவதாகத் திட்டம். வயிற்றைத் திறந்தபோது வலப்பக்கச் சுரப்பியில் 4 சென்டிமீட்டர் கட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் எடுத்தார்கள், பெண் குணமானார். இன்றைக்குப் பூனைக்குச் செய்யும் அறுவைக்கும் இதுதான் முன்மாதிரி.

● பூனைக்கும் கான் நோய் வரும் என்பது மருத்துவ இதழில் முதன்முதலாகப் பதிவானது 1983-இல். அதற்கு முன் எத்தனை பூனைகள் 'வயசாயிடுச்சு' என்ற பெயரில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தனவோ!

● ஒரு நாள் காலை பூனை திடீரென்று சுவரில் முட்டும். கண்மணி இரண்டும் இருட்டில் விரிவது போல அகலமாக விரிந்திருக்கும். டார்ச் அடித்தாலும் சுருங்காது. நேற்று இரவு வரை நன்றாக இருந்ததே என்று வீடே பதறும். உண்மையில் நேற்று இரவு வரை நன்றாக இல்லை. ஏறிய ரத்தக் கொதிப்பு கண்ணுக்குள் நுண்ணிய குழாய்களைக் கசியவைத்து, விழித்திரையைச் சுவரிலிருந்து உரியும் சுண்ணாம்பு மாதிரிப் பெயர்த்துவிட்டது. இதைக் கண் நோய் என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு ஒரு வாரத்தைக் கழிப்பதுதான் பெரிய இழப்பு. அன்றைக்கே அழுத்தத்தைக் குறைத்தால் விழித்திரை மறுபடி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்பியும் இருக்கிறது. நாள் தள்ளத் தள்ள அந்த வாய்ப்பு கைநழுவும். திடீர்க் குருடு என்றால் அது அவசர சிகிச்சை, நினைவில் வையுங்கள்.

● பூனைக்கு பிரஷர் பார்க்க முடியுமா என்று பலர் வியக்கிறார்கள். பார்க்கலாம். முன்னங்காலிலோ வாலின் அடியிலோ ஒரு சின்னப் பட்டையைச் சுற்றி, டாப்ளர் கருவியில் நாடியின் 'உஷ் உஷ்' சத்தத்தைக் கேட்டு அளப்பார்கள். பட்டையின் அகலம் அந்தக் காலின் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம் இருந்தால்தான் எண் சரியாக வரும். கூடையிலிருந்து எடுத்தவுடனே அளக்கக் கூடாது. ஐந்து பத்து நிமிடம் அமைதியான அறையில் விட்டு, வீட்டுக்காரர் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, முதல் அளவை விட்டுவிட்டு அடுத்த ஐந்தாறு அளவுகளின் சராசரியை எடுப்பதுதான் முறை. மேல் அழுத்தம் 160-க்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. 160-ஐத் தொட்டால் திரும்பப் பார்க்க வேண்டும். 180-ஐத் தொட்டால் கண், மூளை, இதயம், சிறுநீரகம் நான்கும் ஆபத்தில் இருக்கின்றன.

● பூனைக்கு ரத்தக் கொதிப்பைக் குறைக்கத் தரும் முதன்மை மருந்து அம்லோடிபின். ஆம், வீட்டில் தாத்தா சாப்பிடும் அதே மருந்துதான். ஆனால் பூனைக்கான அளவு வழக்கமாக ஒரு நாளைக்கு 0.625 முதல் 1.25 மி.கி.; அதாவது 2.5 மி.கி. மாத்திரையில் கால்வாசியோ பாதியோ. தாத்தாவின் மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அளவை முடிவு செய்ய வேண்டியவர் பூனையின் அழுத்தத்தை அளந்த மருத்துவர்.

● இந்த நோய் அடிக்கடி தப்பிப்போவதற்குக் காரணம் சிறுநீரகம். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகம் பழுதடைவது மிகவும் சாதாரணம். அதிலும் பொட்டாசியம் குறையும், ரத்தக் கொதிப்பு ஏறும், பூனை மெலியும். எனவே யூரியா, கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருப்பதைப் பார்த்தவுடன் 'கிட்னிதான்' என்று கோப்பை மூடிவிடத் தோன்றும். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நெடுநாள் மிகுதியான அல்டோஸ்டிரோன் சிறுநீரகத்தைத் தானே தழும்பாக்கிக் கெடுக்கிறது. அதாவது இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். முதலில் வந்தது அட்ரீனலாகவும் இருக்கலாம். சிறுநீரக நோய் என்று தீர்ப்பான பூனைக்குப் பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவே மாட்டேன் என்கிறதா? ரத்தக் கொதிப்பு ஒரு மருந்தில் அடங்க மறுக்கிறதா? அப்போது வயிற்று ஸ்கேன் ஒன்று கேட்டு வாங்குவது உங்கள் உரிமை என்றே நான் நினைக்கிறேன்.

● நிரூபிக்கும் சோதனை: ரத்தத்தில் அல்டோஸ்டிரோன் அளவு. பொட்டாசியம் குறைவாக இருக்கும்போது நல்ல சுரப்பி அல்டோஸ்டிரோனை அடக்கி வாசிக்கும். அந்த நேரத்திலும் அது உச்சத்தில் நின்றால் யாரோ கட்டளையை மீறுகிறார்கள் என்று பொருள். முடிந்தால் ரெனின் என்ற நொதியையும் சேர்த்து அளப்பார்கள். சிறுநீரகம் கேட்டு அல்டோஸ்டிரோன் சுரந்தால் ரெனின் கூடியிருக்கும். கட்டி தன்னிச்சையாகச் சுரந்தால் ரெனின் அடங்கிக் கிடக்கும்.

● எக்ஸ்-ரேயில் அட்ரீனல் இருக்கும் இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் புள்ளி தெரிந்தால் கட்டி என்று பயப்பட வேண்டாம். நல்ல ஆரோக்கியமான வயதான பூனைகளிலேயே அட்ரீனலில் சுண்ணாம்புச் சத்து படிவதுண்டு. நாய்க்கு என்றால் சந்தேகப்படுவார்கள்.

● அல்ட்ராசவுண்டில் 4 மி.மீ. இருக்க வேண்டிய சுரப்பி ஒரு பக்கம் மட்டும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி உருண்டு நின்றால் கட்டி என்ற சந்தேகம் வலுக்கும். இரண்டு பக்கமும் இலேசாகப் பருத்திருந்தால், அல்லது அளவில் மாற்றமே தெரியாவிட்டால், கட்டி இல்லாமல் இரண்டு சுரப்பிகளின் செல்களும் பெருகியிருக்கலாம். அந்த வகைக்குக் கத்தி வேண்டாம், மாத்திரைதான். அறுவைக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுப்பது கட்டி எவ்வளவு பெரிது என்று பார்க்க மட்டும் இல்லை. அது பக்கத்து ரத்தக்குழாய்க்குள் வேர் விட்டிருக்கிறதா, நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும்தான்.

● தலை தொங்குகிற எல்லாப் பூனைக்கும் அட்ரீனல் கட்டி இல்லை. பர்மிய இனப் பூனைக் குட்டிகளில் பரம்பரையாகவே பொட்டாசியம் குறையும் நோய் ஒன்று உண்டு. தைராய்டு மிகுதியிலும் தலை தொங்கலாம். மீன் பிரியர்கள் கவனிக்க: சில வகை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. அவற்றைப் பச்சையாகவே நாள்தோறும் போட்டு வளர்த்தால் அந்த வைட்டமின் குறைந்து கழுத்து தொங்கும். மீனை வேகவைத்தால் நொதி அழிந்துவிடும்.

● அதிமதுரம் தெரியும்தானே? இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்கிற அதே வேர். அளவு மீறிப் பலநாள் சாப்பிட்ட மனிதர்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, பொட்டாசியம் இறங்கி, கைகால் சோர்ந்துபோனது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள், கார்டிசோலை அல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்யும்படி திறந்துவிடுகிறது. கட்டியே இல்லாமல் கட்டியின் நோய்! நமக்கு நல்லது என்பதற்காகப் பூனைக்குக் கஷாயம் புகட்டாதீர்கள்.

● பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது என்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதை நிரூபிக்க உதவியது ஒரு பூனைதான். 1911-இல் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற உடலியலாளர், நாய் குரைப்பதைக் கேட்டு மிரண்ட பூனையின் ரத்தத்தை அட்ரீனல் அருகிலிருந்து எடுத்தார். அதைத் துடித்துக்கொண்டிருந்த குடல் தசைத்துண்டு ஒன்றின் மேல் விட்டதும் துடிப்பு அடங்கியது. அமைதியாக இருந்தபோது எடுத்த ரத்தத்துக்கு அந்த விளைவு இல்லை. 'சண்டையிடு அல்லது ஓடு' என்ற கருத்து பிறந்தது அந்த ஆய்வுகளிலிருந்துதான்.

● அதே அட்ரினலின் மருத்துவமனையில் ஒரு குழப்பம் செய்யும். ஆட்டோவில் வந்து, நாய்களுக்கு நடுவே காத்திருந்து, ஊசியைப் பார்த்து மிரண்ட பூனைக்கு ரத்தச் சர்க்கரை எகிறிவிடும். அந்த ஒரு எண்ணை வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டக் கூடாது. கடந்த சில வாரச் சராசரியைக் காட்டும் ஃபுரக்டோசமின் சோதனை அதற்கு இருக்கிறது.

● கார்டிசோல் சுரக்கும் கட்டி பூனைக்கு அரிது. கார்டிசோல் மிகும் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரியில் இருக்கும். ஐந்தில் ஒன்றுக்குத்தான் அட்ரீனலில். வந்துவிட்டால் மிகக் கொடியது. தோல் நனைந்த காகிதம் மாதிரி மெலிந்துவிடும். பிடரியைப் பிடித்துத் தூக்கினாலே கிழிந்துவிடலாம். கிழிந்தாலும் அதிகம் ரத்தம் வராது. வயிறு தொங்கும், ரோமம் உதிர்ந்த இடத்தில் மறுபடி முளைக்காது. இன்சுலின் எவ்வளவு போட்டும் சர்க்கரை இறங்காத பூனை என்றால் மருத்துவர் இந்தத் திசையில் ஒரு பார்வை பார்ப்பார். அப்படிப்பட்ட பூனையை அடியில் கை கொடுத்து ஏந்தித்தான் தூக்க வேண்டும்.

● கார்டிசோல் மிகுதியைக் கண்டறிய டெக்சாமெதசோன் ஊசி போட்டு எட்டு மணி நேரம் ரத்தம் பார்ப்பார்கள். நாய்க்குக் கிலோவுக்கு 0.01 மி.கி.; பூனைக்கு 0.1. பத்து மடங்கு! நாய்க்கான அளவு பல பூனைகளின் சுரப்பியை அசைப்பதே இல்லை.

● அரிப்புக்கு என்று மாதாமாதம் நீண்டநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் பூனைகள் உண்டு. ஊசி போட்டதும் அரிப்பு மாயமாக நின்றுவிடும், ஆகவே நாமே கேட்டு வாங்குகிறோம். கட்டி செய்கிற வேலையைத்தான் அந்த ஊசியும் செய்கிறது. சர்க்கரை நோயைக் கொண்டுவந்துவிடக்கூடும்.

● குட்டியிலேயே கருத்தடை செய்த ஆண் பூனை, பத்துப் பன்னிரண்டு வயதில் திடீரென்று கடுவனாக மாறிச் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சுகிறது. அந்தக் கடும் நாற்றமும் வந்துவிட்டது. வம்பு செய்கிறது என்று அடிக்காதீர்கள். பாலின ஹார்மோன் சுரக்கும் அட்ரீனல் கட்டி இருக்கலாம். மருத்துவர் ஒரே ஒரு இடத்தைப் பார்த்துச் சந்தேகத்தை உறுதி செய்துகொள்வார்: கடுவன் பூனையின் ஆண்குறியில் சிறு முட்கள் இருக்கும். விதை எடுத்த சில வாரங்களில் அவை மறைந்துவிடும். மறுபடி முளைத்திருந்தால் உடலில் எங்கோ ஆண் ஹார்மோன் ஊறுகிறது. பெட்டைப் பூனையும் இப்படிப் பீய்ச்ச ஆரம்பிப்பதுண்டு.

● சுரப்பியின் மையப் பகுதியில் வரும் கட்டிக்கு ஃபியோகுரோமோசைட்டோமா என்று பெயர். 1912-இல் லுட்விக் பிக் என்ற ஜெர்மானிய நோயியலாளர் சூட்டியது. சாயம் பட்டால் கறுக்கும் செல்களின் கட்டி என்று கிரேக்கத்தில் பொருள். நாய்களுக்கு வரும், பூனைகளுக்கு மிக மிக அரிது.

● இனி அறுவை. ஒரு பக்கத்தில் மட்டும் கட்டி, வேறெங்கும் பரவவில்லை என்றால் அந்தச் சுரப்பியை எடுத்துவிடுவதே மருத்துவர்கள் முதலில் சொல்லும் வழி. எடுத்துவிட்டால் பல பூனைகளுக்குப் பொட்டாசியம் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தேவைப்படாமலே போய்விடுகின்றன. ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்ந்த பூனைகள் பதிவில் இருக்கின்றன. கட்டி புற்றுத்தன்மை உள்ளதாக இருந்தும்கூட.

ஆனால் இது சின்ன அறுவை இல்லை. வலப்பக்க அட்ரீனல், உடலின் பின்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரையோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நூலளவு தவறினால் வயிறு முழுக்க ரத்தம். கட்டி சிரைக்குள் புகுந்திருந்தால் இன்னும் கடினம். அறுவையின்போதோ அடுத்த சில நாட்களிலோ இறந்துபோன பூனைகளும் கணிசம். ஆகவே முதலில் சில வாரம் மாத்திரையால் பொட்டாசியத்தை ஏற்றி, அழுத்தத்தை இறக்கி, பூனையைத் தேற்றிய பிறகுதான் மேசைக்குக் கொண்டுபோவார்கள். 'நாளைக்கே எடுத்துவிடலாமா?' என்று நெருக்காதீர்கள், அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான்.

● ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால்? பூனைக்கும் ரத்த வகை உண்டு: ஏ, பி, ஏபி. மனிதனைப் போல 'ஓ' கிடையாது. ஆகவே எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய பூனையும் கிடையாது. பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தத்தை ஒரே ஒரு தடவை தவறி ஏற்றினாலும் உயிர் போகலாம். அறுவைக்கு முன்பே வகை பார்த்துவைப்பது நல்லது.

● கார்டிசோல் கட்டியை எடுத்தால் மறுநாள் கார்டிசோலே இல்லாத நிலை வரும். கட்டி ஆட்டம் போட்ட காலமெல்லாம் மறுபக்கத்து நல்ல சுரப்பி வேலையின்றிச் சுருங்கிப் போயிருக்கும். அது விழித்தெழும் வரை மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த பூனை நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிட்டால் மயங்கி விழும்.

● வயது, இதயம், செலவு, ஊரில் அறுவை வசதி இல்லாமை என ஏதோ ஒரு காரணத்தால் அறுவை முடியாத பூனைகளும் உண்டு. அதற்காகக் கையைப் பிசைய வேண்டியதில்லை. அல்டோஸ்டிரோனின் கட்டளையைச் சிறுநீரகத்தின் காதில் விழாமல் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், கூடவே பொட்டாசியம், கூடவே அம்லோடிபின் என்று மூன்று மருந்தால் மாதக்கணக்கில், சிலவற்றை ஆண்டுக்கணக்கிலும் நன்றாக வைத்திருக்க முடிகிறது. கழுத்து சில நாட்களில் நிமிரும். தொங்கிய தலை நிமிர்ந்து, பூனை மறுபடி ஜன்னல் திட்டில் ஏறி உட்காருவதைவிட வீட்டாருக்கு வேறென்ன வேண்டும்? ஸ்பைரோனோலாக்டோன் கொடுக்கும்போது மெயின் கூன் இனப் பூனைகளில் சிலவற்றுக்கு முகத்தில் கடும் புண் வந்திருக்கிறது. முகத்தைச் சொறிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

● சோர்ந்து கிடக்கும் பூனைக்கு, 'உடம்பு வலியாக இருக்கும்' என்று பாரசிட்டமால் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூனையின் கல்லீரலால் அதைச் செரித்து வெளியேற்ற முடியாது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

● ஏழு வயது தாண்டிய பூனைக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்பது பூனை மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. பதினொன்றைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தாலும் தகும். வலியில்லை, மயக்க மருந்தில்லை, கால் மணி நேர வேலை. உங்கள் பூனை தாவுவதைக் குறைத்திருந்தால், தலை சற்றே தாழ்ந்திருந்தால், அடுத்த தடுப்பூசி வரைக்கும் காத்திருக்காமல் இந்த வாரமே கூட்டிப் போய், "டாக்டர், பிரஷரும் பொட்டாசியமும் ஒரு தடவை பார்த்துவிடலாமா?" என்று கேளுங்கள்.